கட்டுக்கம்பியில் கட்டிய வாழைக்கன்று

அன்றைக்கு வண்டியில் இருந்தவர்கள்: ஸ்டியரிங்கைப் பிடித்தபடி என் நண்பன் பஷீர், அவனுக்குப் பக்கத்தில் நான், பின் சீட்டில் என் மகள் ரேவதி, ரேவதியின் வயிற்றுக்குள் ஒன்பதாம் மாதத்தில் ஒரு ஆள். "மூணே முக்கால் பேரு" என்றான் பஷீர். எனக்கு அந்தக் கணக்கு சரிப்படவில்லை. நாலு பேர் ஏறினோம், நாலு பேரும் நல்லபடியாக இறங்க வேண்டும். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் வரைக்கும் எனக்குள் ஓடியது அது ஒன்றுதான்.

முந்தின நாளிலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

நான் ஓசூரில் இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற ஒரு பிரஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறேன். சாத்தூர்ப் பக்கம் ஆறாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு இங்கே வந்தவன். தகட்டை வைத்துவிட்டு, இரண்டு கையையும் வெளியே எடுத்து, இரண்டு பட்டனையும் ஒன்றாக அமுக்கினால்தான் பிரஸ் இறங்கும். கை உள்ளே மாட்டக் கூடாது என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் ஒவ்வொரு தடவை அது இறங்கி ஏறியதும் விரல்களை ஒரு பார்வை பார்த்துக்கொள்வேன். பக்கத்து மெஷின்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இருபது வருஷத்தில் அவர்களில் மூன்று பேருக்கு விரல் போயிருக்கிறது. எனக்குப் பத்தும் இருக்கிறது. என் பயம் எனக்குச் சோறு போட்டிருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

ரேவதியைக் கிருஷ்ணகிரியில் கட்டிக் கொடுத்திருக்கிறோம். தலைப்பிரசவம், எங்கள் வீட்டில்தான் பார்க்க வேண்டும். வளைகாப்பு ஏழாம் மாதமே முடிந்துவிட்டது. ஆனால் அவள் மாங்கூழ் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதுகிறவள், லீவு இப்போதுதான் கிடைத்தது. மாப்பிள்ளை கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர். அந்த வாரம் நாக்பூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரி மல்லிகாவுக்கு முழங்கால் வீங்கியிருந்தது. அதோடு, மகள் வந்து இறங்கும்போது வாசலில் ஆரத்தித் தட்டோடு ஒரு ஆள் நிற்க வேண்டாமா? ஆகவே போய்க் கூட்டிவரும் பொறுப்பு என் தலையில் வந்து விழுந்தது. எனக்கு சைக்கிளைத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

பஷீருக்குத் தெரியும். தக்காளி வியாபாரிகளுக்கு பிளாஸ்டிக் பெட்டிகளை வாடகைக்கு விடுகிறவன் அவன். பிறந்த ஊர் கிருஷ்ணகிரி. ஒரே மூச்சில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுவான். மூன்றாம் கையாக வாங்கிய வெள்ளை டீசல் கார் ஒன்று வைத்திருக்கிறான். இன்ஜின் சூட்டைக் காட்டுகிற முள் அதில் வேலை செய்யாது. "அது இல்லாமலே நாலு வருஷமா ஓடுது, அப்புறம் அது எதுக்கு?" என்பான். நியாயமாகப் பார்த்தால் நான் பயந்திருக்க வேண்டியது அந்த முள்ளுக்கு. நான் பயந்ததோ நவமிக்கு.

ஆயுத பூஜை நவமியில் வருகிறது. நவமியில் பிரயாணம் கிளம்பலாமா?

"இன்னைக்கு வேண்டாம் பஷீரு. நாளைக்கு விஜயதசமி. நாளைக்கே போயி நாளைக்கே வந்துருவோம்."

"யோவ் சண்முகம், நீ கெளம்ப வேணாம். நான் எங்க அக்காவப் பாக்கப் போறேன். நீ சும்மா என் வண்டியில வந்து உக்காரு. நவமி எனக்குத்தான் வரும், உனக்கு வராது."

சரி, போவதுதான் நவமி, மகளோடு திரும்பி வருவது விஜயதசமி என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் ஒரு நிபந்தனை போட்டேன். வண்டிக்கு முறையாகப் பூஜை போடாமல் ஏற மாட்டேன்.

எங்கள் பிரஸ் ஷாப் கேட்டுக்கு வருஷா வருஷம் வாழை கட்டுகிறவன் நான்தான். எத்தனை காற்றடித்தாலும் நான் கட்டிய கன்று சாயாது. காரணம், நான் சணலில் கட்டுவதில்லை. கட்டடத்துக்குக் கம்பி கட்டுகிற கட்டுக்கம்பியால் இறுக்கி முறுக்கிவிடுவேன். பஷீரின் டிக்கியில் கிடந்த கட்டிங் பிளேயரை எடுத்து, காரின் மூக்கில் இந்தப் பக்கம் இரண்டு, அந்தப் பக்கம் இரண்டு என்று நாலு கன்றுகளை அசையாதபடி கட்டினேன். நடுவில் சாமந்தி மாலை. கண்ணாடிக்குச் சந்தனப் பொட்டு. நாலு டயருக்கும் நாலு எலுமிச்சம்பழம். பூசணிக்காயையும் நானே சுற்றி உடைத்தேன். பஷீர் ஓரமாக நின்று பொரி தின்றபடி, "வண்டிய எங்கய்யா காணோம்? தோப்புதான் தெரியுது" என்றான்.

பிளேயரும் ஒரு ஆயுதம்தானே. வேலை முடிந்ததும் அதைக் கழுவித் துடைத்து, பொட்டு வைத்து, எங்கள் வீட்டுப் பூஜையில் அரிவாள்மனைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.

ரோடு எங்கும் உடைந்த பூசணிக்காய். சாத்தூர்ப் பக்கம் பூசணிக்காயை ஓரமாக உடைப்பார்கள், அதுவும் ஒன்றிரண்டுதான். இங்கே ஒவ்வொரு கம்பெனி கேட்டுக்கும் ஒன்று, ஒவ்வொரு லாரி ஷெட்டுக்கும் ஒன்று, எல்லாம் நடு ரோட்டில். மேலே தூறல் வேறு. பேரண்டபள்ளி தாண்டுவதற்குள் எங்கள் கண் முன்னால் ஒரு பைக் வழுக்கிப் போய் மண்ணில் உட்கார்ந்தது. ஓட்டி வந்தவர் எழுந்து, பேண்டைத் தட்டிக்கொண்டு, சிதறிய பொரிப் பொட்டலத்தைப் பொறுக்கினார். நான் காரின் கதவுக்கு மேலிருந்த கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்திருந்தேன்.

"அத விடுய்யா. கழண்டு கையோட வந்துரும்."

அப்போது போனில் ஒரு செய்தி வந்தது. கெலவரப்பள்ளி அணையில் தண்ணீர் திறக்கப் போகிறார்களாம், ஆற்றோரம் இருப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டுமாம். பஷீரிடம் காட்டினேன்.

"நம்ம என்ன ஆத்துலயா போறோம்? ரோட்டுல போறோம்."

சூளகிரியில் டீக்கு நிறுத்தினான். டீ நன்றாக இருந்தது, கூடக் கொடுத்த மிளகாய் பஜ்ஜி அதைவிட நன்றாக இருந்தது. பக்கத்து பெஞ்சில் ஒரு லாரி டிரைவர் கடைக்காரரிடம் கன்னடத்தில் கையை ஆட்டி ஆட்டி என்னவோ சொன்னார். என்ன சொல்கிறார் என்று பஷீரைக் கேட்டேன்.

"மழை நல்லா பெய்யுது, ராகி நல்லா வெளையும்னு சொல்றாரு."

இருபது வருஷமாக ஓசூரில் இருக்கிறேன், எனக்குக் கன்னடம் புரியாதா? காதில் விழுந்தது சரிதானா என்று பார்க்கத்தான் கேட்டேன். குருபரப்பள்ளிக்கிட்ட மேம்பால வேலை நடக்கிற இடத்தில் காலையில் ஒரு டேங்கர் பல்டி அடித்துவிட்டது என்றுதான் அவர் சொன்னார். பஜ்ஜியைக் கீழே வைத்துவிட்டேன். பஷீர் அதையும் எடுத்துத் தின்றான்.

நல்லபடியாகத்தான் போய்ச் சேர்ந்தோம். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்குப் போகும்போது பெரும்பாலும் இறக்கம். வண்டி தானாகவே உருண்டு போகும். இதை அப்போது யாராவது எனக்குச் சொல்லியிருக்கலாம்.

பஷீரின் அக்கா ஆமினாவின் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. வாசலிலேயே பிரியாணி வாசனை ஆளைத் தூக்கியது. எனக்குப் புரட்டாசி, கறி கிடையாது. எப்படிச் சொல்வது என்று தயங்கிக்கொண்டே உட்கார்ந்தேன். அக்கா என் முன்னால் தனியாக ஒரு இலையைப் போட்டு, முருங்கைக்காய்ச் சாம்பாரும் சேனை வறுவலும் வைத்தார்.

"புதுச் சட்டியில செஞ்சது தம்பி. கரண்டியும் வேற. பயப்படாம சாப்புடு."

"நான் பயப்படறேன்னு யாரு சொன்னா அக்கா?"

"மொகத்துலயே எழுதி ஒட்டிருக்குதே. புள்ள பெறப்போறது அவளா நீயா?"

சாயங்காலம் பழையபேட்டையில் சம்பந்தியம்மா வீட்டுக்குப் போனோம். ரேவதி வாசலுக்கு வந்தாள். முகம் பூசினாற்போல் இருந்தது, கால் வீங்கியிருந்தது. கால் வீக்கம் சாதாரணம்தான் என்று அவள் சொன்னாள், சம்பந்தியம்மா சொன்னார், மல்லிகாவும் போனில் சொன்னாள். மூன்று பேர் சொல்கிறார்கள் என்றால் ஏதோ மறைக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

மறுநாள் காலை நல்ல நேரம் பார்த்துக் கிளம்பினோம். மருமகள் முதல் பிரசவத்துக்குப் போகிறாள் என்று சம்பந்தியம்மா தன் பங்குக்கு முழங்கை கனத்தில் ஒரு ரோஜா மாலை வாங்கி, வண்டியின் முன்னால் என் சாமந்தி மாலைக்கு மேலேயே போட்டார். ராத்திரி முழுக்க நனைந்த வாழை இலைகள் வண்டியின் மூக்கில் ஈரத் துணி மாதிரி ஒட்டியிருந்தன. எனக்குத் திருப்தியாக இருந்தது. இத்தனை காவலுக்கு மேல் என்ன வந்துவிடும்?

மேம்பால வேலை நடக்கிற இடத்தில் லாரிகள் வரிசைகட்டி நின்றன. ஏற்றம் வேறு. முதல் கியரில் கொஞ்சம் நகர்வது, நிற்பது, மறுபடி நகர்வது. ஏதோ கருகுகிற மாதிரி வாசனை வந்தது. சொன்னேன்.

"முன்னால போற லாரிய்யா" என்றான் பஷீர்.

கொஞ்ச தூரம் போனதும் வாழை இலைகளுக்கு நடுவிலிருந்து புகை எழுந்தது. சந்தனப் பொட்டு வைத்த கண்ணாடி வெள்ளையாக மூடிக்கொண்டது. பஷீர் சர்வீஸ் ரோட்டில் ஒடித்து, குருபரப்பள்ளியில் ஒரு மெக்கானிக் கடை வாசலில் நிறுத்தினான்.

பின்னாலிருந்து ரேவதி மெதுவாகக் கூப்பிட்டாள்.

"அப்பா, இடுப்பு வலிக்குதுப்பா."

"எப்பருந்தும்மா?"

"கொஞ்ச நேரமா. வருது, போகுது."

கதவைத் திறந்து இறங்கினேன்.

கடையின் ஷட்டர் பாதி திறந்திருந்தது. உள்ளே ஒரு பலகையில் ஸ்பேனர்கள், சுத்தியல், ஸ்க்ரூ டிரைவர், பிளேயர் எல்லாம் பொட்டு வைத்து வரிசையாகப் படுத்திருந்தன. பக்கத்தில் கல்லாப் பெட்டி, அதற்கும் ஒரு பூ. வெளுத்த வேட்டியில் மெக்கானிக் முனிராஜ் வாசலில் கோலத்தைத் தாண்டி நின்றிருந்தார்.

"இன்னாணா, கொதிக்குதா?"

"தம்பி, புள்ளத்தாச்சிப் பொண்ணு உள்ள இருக்கு. கொஞ்சம் பாருங்க."

அவர் எட்டி ரேவதியைப் பார்த்தார். முகம் மாறியது. பலகையையும் பார்த்தார். "மறுபூஜ இன்னும் போடலண்ணா. பத்தரைக்கு மேலதான் நேரம். அதுக்கு முன்னாடி ஒரு ஸ்பேனர்கூட தொட மாட்டேன். கையால ஆவறதுன்னா பாக்கறேன்."

அவரைக் குறை சொல்ல முடியாது. அவர் இடத்தில் நான் இருந்தாலும் தொட்டிருக்க மாட்டேன்.

பக்கத்து டீக்கடையில் இருந்த அம்மா, ரேவதியின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பாலை இறக்கி வைத்துவிட்டு வந்தார். வயிற்றில் கை வைத்துப் பார்த்துத் தெலுங்கில் பேசினார். பஷீர் அதைத் தமிழில் சொன்னான். இந்தத் தடவை அவன் எதையும் மாற்றவில்லை என்பது அவன் குரலிலேயே தெரிந்தது.

"சூட்டு வலியா இருக்கலாங்கறாங்க. சீரகத் தண்ணி குடிச்சுட்டு நடக்கணுமாம். நடந்தா நின்னுட்டா பொய் வலி. நடந்தும் கூடுச்சுன்னா நெஜ வலி. அப்ப இந்த வண்டிய நம்பாத, வர்ற வண்டிய நிறுத்தி ஆஸ்பத்திரிக்குத் திரும்புங்கறாங்க."

ரேவதி சீரகத் தண்ணீரைக் குடித்தாள். டீக்கடை அம்மா அவள் தோளைப் பிடித்துக்கொள்ள, சர்வீஸ் ரோட்டில் கொஞ்சம் தள்ளியிருந்த மைல்கல் வரைக்கும் போய்த் திரும்பி வர ஆரம்பித்தாள். வண்டிகள் போய்க்கொண்டிருந்த பக்கமாக பஷீர் கையைக் காட்டி அவற்றை விலக்கியபடி கூடவே நடந்தான்.

முனிராஜ் குனிந்து வண்டியின் முகத்தைப் பார்த்தார். ரோஜா மாலையைத் தூக்கினார், சாமந்தி மாலையைத் தூக்கினார், ஒட்டியிருந்த வாழை இலையை விலக்கினார். பிறகு நிமிர்ந்தார்.

"யாருண்ணா கட்டுனது?"

"நான்தான்."

"ரேடியேட்டருக்குக் காத்து எந்த வழியா போவும்? மூக்கையும் வாயையும் பொத்திட்டு மேட்டுல ஓடுன்னா, மனுசனே ஓட மாட்டான். வண்டில ஒண்ணும் கோளாறு இல்ல. இத அவுத்தா போதும்."

மாலைகளைக் கையோடு எடுத்துவிட்டார். வாழைக்கன்றைப் பிடித்து இழுத்தார். அசையவில்லை. உள்ளே விரலைவிட்டுத் தடவிப் பார்த்தார்.

"கட்டுக்கம்பியா? வாழைக்கன்ன எவனாச்சும் கட்டுக்கம்பில கட்டுவானா?"

"காத்துக்கு சாயக் கூடாதுன்னு..."

"பிளேயர் எடுங்க."

பிளேயர் எங்கே இருக்கிறது என்று நான் சொன்னேன். முனிராஜ் சிரிக்கவில்லை. பாதி தூரம் நடந்து திரும்பியிருந்த பஷீர்தான் கேட்டுவிட்டு அப்படியே நின்றான்.

"என் பிளேயர உன் வீட்டு சாமிகிட்ட வச்சிருக்கியா?" பிறகு முனிராஜைப் பார்த்து, "தம்பி, உங்க பிளேயர நான் எடுத்துக்கறேன். எனக்குத்தான் பூஜ கெடையாதே" என்றான்.

"பாய், பூஜ உங்களுக்கு இல்ல, பிளேயருக்கு."

தூரத்தில் ரேவதி மைல்கல்லைப் பிடித்துக் குனிந்து நின்றாள். முனிராஜ் அதைப் பார்த்தார். "இன்னும் ரெண்டு தடவ நடக்கட்டும். வலி கூடுச்சுன்னா நானே எடுத்து அறுத்துடறேன். சாமிகிட்ட நான் பேசிக்கறேன். அதுவரைக்கும் கையால பாருங்கண்ணா. நீங்க போட்ட முறுக்கு, உங்களுக்குத்தான் வழி தெரியும்."

உட்கார்ந்தேன். கம்பி சுட்டது. எத்தனை முறுக்குப் போட்டேனோ அத்தனையையும் திருப்பிப் பிரிக்க வேண்டும். முதல் கன்று வருவதற்குள் ரேவதி ஒரு தடவை வந்து போனாள். "இன்னும் இருக்குப்பா" என்றாள். இரண்டாவது கன்றில் கம்பி முனை ஆள்காட்டி விரலைக் கிழித்தது. இருபது வருஷமாக அந்த பிரஸ்ஸுக்குக் கொடுக்காத ரத்தத்தை இந்த வாழைக்கன்றுக்குக் கொடுத்தேன். பூஜைக்குக் கட்டியதைப் பாதியில் பிய்த்தால் குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்று ஒரு பயம். பிய்க்காவிட்டால் என்ன ஆகும் என்று இன்னொரு பயம். இரண்டுக்கும் நடுவில் விரல் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது.

மூன்றாவது கன்றில் இருந்தபோது பக்கத்தில் செருப்புச் சத்தம் கேட்டது. ரேவதி. தலையைத் தூக்கவே எனக்குத் தைரியம் இல்லை.

"நின்னுடுச்சுப்பா."

"நெஜமாவா?"

"நெஜமா. உள்ள உதைக்குது. கை வச்சுப் பாருங்க."

ரத்தமும் பச்சைக் கறையுமாக இருந்த கையை எப்படி வைப்பது? புறங்கையை வைத்தேன். உள்ளிருந்து ஒரு இடி இடித்தது. நான் அங்கேயே, அந்தச் சேற்றில், கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

"பெரியவர் அழுவறாரா?" என்று முனிராஜ் கேட்டார்.

"எப்பவும் அப்படித்தாண்ணா" என்றாள் ரேவதி. "எனக்கும் சேத்து இவரே பயந்துடுவாரு. எனக்குன்னு பயமே மிச்சம் இருக்காது."

நாலாவது கன்றை பஷீர் பிரித்தான். வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வருவதற்கு அவனுக்கு அதில் போதுமான சரக்கு கிடைத்தது.

இன்ஜின் ஆறும் வரை காத்திருந்தோம். டீக்கடை அம்மா எல்லோருக்கும் டீ போட்டார். ரேவதிக்குப் பாலும் பன்னும். முனிராஜ் ஒரு துணியைச் சுற்றி ரேடியேட்டர் மூடியை மெல்லத் திருகித் திறந்து, கடைக்குள்ளிருந்து ஒரு புது கூலன்ட் பாட்டிலைக் கொண்டுவந்து ஊற்றினார். பணத்தை நீட்டினேன். கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"கல்லாவும் பூஜைல இருக்குதுண்ணா. பொருள் குடுக்கலாம், காசு வாங்கக் கூடாது. டீக்காசும் நான் குடுத்துக்கறேன், கணக்க ஒண்ணா வச்சிக்கங்க. பேரப்புள்ளய அவங்க அப்பா ஊருக்குக் கூட்டிட்டுப் போவீங்க இல்ல, அப்ப இந்த வழியாத்தானே போவணும்? நிறுத்திக் குடுத்துட்டுப் போங்க. நானும் புள்ளயப் பாத்த மாதிரி இருக்கும்."

மொட்டை மூக்கோடு வண்டி மேட்டில் ஏறியது. ஓசூர் வரும் வரை நான் புகை வருகிறதா என்று முன்னால் ஒரு தடவை, ரேவதியின் முகத்தைப் பின்னால் ஒரு தடவை என்று பார்த்துக்கொண்டே வந்தேன். நேராக, பிரசவத்துக்குப் பேசி வைத்திருந்த ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, பொய் வலிதான், குழந்தை நன்றாக இருக்கிறது என்றார். வீட்டு வாசலில் மல்லிகா ஆரத்தி சுற்றினாள். நாலு பேரும் இறங்கினோம். பஷீர் செருப்பைக் கழற்றிவிட்டு நேராகப் பூஜை இடத்துக்குப் போய், பொட்டோடு இருந்த பிளேயரை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, "இதுக்கு மறுபூஜ நான் வீட்டுல போட்டுக்கறேன்" என்று கிளம்பினான்.

இது நடந்து இரண்டு வாரம் ஆகிறது. அடுத்த வாரம் தேதி சொல்லியிருக்கிறார்கள். கம்பி கிழித்த விரலில் போட்ட தையலைப் பிரித்தாயிற்று. ராத்திரியில் அவள் புரண்டு படுத்தால்கூட எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

நேற்று ரேவதி கேட்டாள். "அந்த மெக்கானிக் அண்ணன் நம்பர்தான் பஷீர் மாமாகிட்ட இருக்கேப்பா. போன்லயே காசை அனுப்பிடலாமே?"

வேண்டாம் என்றேன். வாழை, மாலை, எலுமிச்சம்பழம் எல்லாவற்றையும் கட்டிப் பார்த்துவிட்டேன். இப்போது நான் நம்பிப் பிடித்துக்கொண்டிருப்பது இந்த ஒரு கடனைத்தான். அது இருக்கும் வரை, கையில் குழந்தையோடு நாங்கள் குருபரப்பள்ளியில் நிறுத்தியே ஆக வேண்டும்.

கூலன்ட்டும் டீயும் பாலும் பன்னும் சேர்த்து முனிராஜுக்கு இன்னும் கொடுக்க வேண்டியது, முந்நூற்று அறுபது ரூபாய்.